ஞாயிற்றுக்கிழமை வராத சீக்கு

எட்டு வயதில் எனக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. எங்கள் லயத்தில் வரிசையாக இருந்த பத்து வீட்டுக்காரர்களுக்கும் அதன் காரணம் நன்றாகத் தெரிந்திருந்தது. ஆளுக்கொரு காரணம் தெரிந்திருந்தது என்பதுதான் சங்கடம்.

தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் அது. எழுபதுகளில் மின்விளக்கு ஃபாக்டரியோடும் துரை பங்களாவோடும் நின்றுவிட்டிருந்தது. ஒரே தகரக் கூரையின் கீழ் பத்து வீடு. முதல் வீட்டுக் குழந்தை தும்மினால் மூன்றாம் வீட்டில் ‘நூறு’ என்பார்கள். ஆனால் அந்தக் கலகலப்பெல்லாம் காலையிலும் மாலையிலும்தான். பகலில் லயமே காலியாகக் கிடக்கும். அம்மா கொழுந்து எடுக்கப் போய்விடுவாள், அப்பாவும் வேலைக்குப் போய்விடுவார். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. பள்ளிக்கூடம் மதியத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு சாயங்காலச் சங்கு ஊதும் வரை வீட்டில் நானும், அடுப்பு மேட்டில் சுருண்டு கிடக்கும் பூனையும்தான். நான் அதனிடம் எல்லாவற்றையும் சொல்வேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு எழுந்து போய்விடும்.

அந்த வருஷம்தான் அப்பாவுக்கு ஃபாக்டரி வேலை கிடைத்திருந்தது. மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவரைச் சலிப்பறைக்கு மாற்றினார்கள். காய்ந்த தேயிலையைச் சலித்து, தூளை வேறாகவும் இலையை வேறாகவும் பிரிக்கும் இடம் அது. கூரைக்குக் கீழே வேலை, இனி முதுகு நனையாது என்று அம்மா மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தாள். எங்கள் குடும்பத்துக்கு வந்த முதல் அதிர்ஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஆனால் என் காரணம் வேறு. சலிப்பறையிலிருந்து வரும் அப்பாவைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். சலிக்கும்போது பறக்கும் மெல்லிய பழுப்புப் பஞ்சு அவர் புருவத்திலும் காதுமடலிலும் கைரோமத்திலும் உட்கார்ந்திருக்கும். பகல் முழுக்க உள்ளே ஆணியில் தொங்கும் அவருடைய கம்பளி அதைவிட அதிகமாக வாங்கி வைத்திருக்கும்.

சங்கு ஊதியதும் நான் குழாயடிக்கு ஓடிப்போய் நிற்பேன். ஃபாக்டரியிலிருந்து ஏறி வரும் பாதை அங்கேதான் முடியும். அப்பா என்னைத் தூக்கித் தோளில் போட்டு, குளிருக்குக் கம்பளியை இருவருக்குமாகச் சேர்த்துப் போர்த்திக்கொண்டு வீடு வரை நடப்பார். உள்ளே இருட்டாகவும் கதகதப்பாகவும் இருக்கும். அவர் முழங்கையில் என் பெயரின் முதல் எழுத்தை விரலால் எழுதுவேன். பஞ்சில் எழுத்து பளிச்சென்று விழும்.

“இன்னைக்கு என்ன எழுத்து தாயி?” என்பார், தினமும் அதே எழுத்துதான் என்று தெரிந்தும்.

ஒரு நாள் முழுக்க நான் காத்திருந்தது அந்த நூறடி தூரத்துக்காகத்தான். மற்ற பிள்ளைகளுக்கு அண்ணன், தங்கை, சண்டை, சமாதானம் எல்லாம் இருந்தன. எனக்கு அது இருந்தது.

முதல் தடவை மூச்சு முட்டியது ஒரு ஆடி மாதத்தில், விளக்கேற்றிய கொஞ்ச நேரத்தில். இழுத்த மூச்சு பாதியிலேயே நின்றது. விடப் பார்த்தால் வெளியேயும் போகவில்லை. மார்புக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அம்மா பயந்துபோய் நெஞ்சில் தைலம் தேய்த்தாள். அப்பா என்னை மடியில் வைத்து, தன் கம்பளியைக் கழுத்து வரை இழுத்துச் சுற்றினார். முட்டல் அதிகமானது. உடனே கம்பளியைத் தலைக்கு மேலும் இழுத்துவிட்டார். போர்த்தப் போர்த்த முட்டியது, முட்ட முட்டப் போர்த்தினார்கள்.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் இருந்த கம்பவுண்டர் மலையாளி. என் முதுகில் இரண்டு விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “தணுப்பாணு. பேடிக்க வேண்டா. நல்ல கம்பளி போட்டு மூடணும், கேட்டோ” என்றார். குளிர்தான் காரணம் என்று தீர்ப்பாகிவிட்டது. ஒரு சிவப்புத் தண்ணீர் மருந்தும் கொடுத்தார். அது காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கொடுக்கும் அதே சிவப்புத் தண்ணீர்தான்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா அதை ஏற்கவில்லை. “குளிரா? நாம எல்லாம் குளுருல பொறக்கலையா? புள்ள பாலத்துக்கிட்ட எதையோ பாத்துப் பயந்திருக்கா” என்றாள். மந்திரித்த கயிறு ஒன்று என் கையில் ஏறியது. நான்காம் வீட்டில் கொய்யாப்பழம் என்றார்கள். ஏழாம் வீட்டுக்காரர் பூனை முடி என்றார். பாவம், எல்லோரிலும் அவர்தான் உண்மைக்குப் பக்கத்தில் வந்தவர். அதனால் நஷ்டப்பட்டதும் நான்தான். மறுநாளே பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டி எஸ்டேட்டின் வேறு டிவிஷனுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். பகலில் அடுப்பு மேடும் காலியானது. மூச்சு முட்டல் மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது.

எங்கள் வாத்தியாருக்கு மருத்துவத்தில் ஆர்வமில்லை, ஆஜர் பட்டியலில் ஆர்வம் உண்டு. நான் திங்கட்கிழமை ஒழுங்காக வருகிறேன், செவ்வாயிலிருந்து சோர்ந்துபோய் நிற்கிறேன் அல்லது வராமலே இருந்துவிடுகிறேன் என்பதைக் கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை எப்படி இருந்தாய் என்று கேட்டார். நன்றாக இருந்தேன் என்று உண்மையைச் சொன்னேன்.

“ஞாயித்துக்கெழம மட்டும் லீவு எடுக்குற சீக்கு உலகத்துலயே கெடையாது. நடிக்கிறியா?” என்று உள்ளங்கையில் இரண்டு அடி கொடுத்தார்.

நினைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அத்தனை பேரில் அவர் ஒருவர்தான் கிழமையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஃபாக்டரி கிடையாது. அப்பா வெளுத்த சட்டையில் வீட்டில் இருப்பார், கம்பளி கூரைத் தகரத்தில் காயும். இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் வாத்தியார் காரணத்தைப் பிடித்திருப்பார். ஆனால் பிரம்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

புரட்டாசியில் மாமா வந்தார். அப்பாவின் தங்கையைக் கட்டியவர். பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டியில் ஒரு தென்னந்தோப்பைக் குத்தகைக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். இளவயதில் மலைக்கு அரிசி மூட்டை ஏற்றிவந்த லாரியில் வந்து அத்தையைப் பார்த்தவர் என்பதால், எங்கள் மலைமேல் அவருக்குப் பிரியம் உண்டு, மரியாதை கிடையாது. என் முட்டலை ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்:

“மலை சேரலைங்க மச்சான். அம்மிணிய நானு கூட்டிட்டுப் போறனுங்க. நாலு மாசம் வெயில்ல இருந்தாச் செரியாப் போயிருமுங்க.”

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா என்னைப் பார்க்காமல், “மூச்சு நேராகட்டும், திரும்பக் கூட்டியாந்துருவோம்” என்றார்.

லாரி கிளம்பும்போது மழை தூறியது. அப்பா தன் கம்பளியைக் கழற்றி என்மேல் போட்டு, கழுத்தடியில் முடிந்துவிட்டார். “உங்களுக்கு?” என்று அம்மா கேட்டதற்கு, “எனக்குச் சாக்கு இருக்குல்ல” என்றார். மறையூர் வழியாக இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி தாண்டிப் போனோம். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போவதற்கு ஒரு பகல் முழுக்கத் தமிழ்நாட்டில் ஓட வேண்டியிருந்தது. அவ்வளவு தூரத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஊர் கடந்தபோதும் அப்பா இன்னும் கொஞ்சம் பின்னால் போனார்.

பெருமாட்டியில் அத்தையின் வீடு தோப்புக்கு நடுவில் தனியாக நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. தும்மினால் நூறு சொல்ல ஆளில்லை. மாமா காலையிலேயே தேங்காய் வெட்டுக்காரர்களோடு போய்விடுவார், அத்தை கடலைக்காட்டில் இருப்பாள். வருஷத்தின் நடுவில் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று பள்ளிக்கூடத்திலும் சொல்லிவிட்டார்கள். எப்போதாவது ஒரு தென்னை மட்டை தொப்பென்று விழும். யாரோ வருகிறார்கள் என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன். மட்டைதான் கிடக்கும்.

அத்தைக்குப் பிள்ளை இல்லை. பிள்ளைகளிடம் என்ன பேசுவதென்றும் தெரியாது. தட்டில் சோறு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். பச்சையில் மஞ்சள் கரை போட்ட ஒரு பாவாடை தைத்துக் கொடுத்தாள். இந்த வெயிலில் எதற்கு என்று கம்பளியை மட்டும் பழைய புடவையில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டாள்.

மூச்சு, வந்த மூன்றாம் நாளே நேராகிவிட்டது. தோப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடினேன். ஒன்றும் ஆகவில்லை. இனி வீட்டுக்குப் போய்விடலாம் என்று நாள் எண்ணத் தொடங்கினேன். ஒரு நாள் மாமா கை கழுவிக்கொண்டே அத்தையிடம் சொன்னதைக் கேட்டேன்.

“பாத்தியா, மலைதான் காரணம். இனி அங்க அனுப்பறது ஆகாது. அடுத்த வருசம் இங்கயே பள்ளிக்கூடத்துல சேத்திப்போடலாம். நம்ம ஊட்டுலயும் ஒரு கொழந்த நடமாடுனாப்புல இருக்கும்.”

அன்று அத்தை எனக்கு மட்டும் தேங்காய்ப்பால் விட்டு ஆப்பம் சுட்டாள்.

என் கணக்கு இப்படி இருந்தது: இங்கே நான் நன்றாக இருக்க இருக்க, குற்றம் மலையின் தலையில் விழும், நான் இங்கேயே இருக்க வேண்டும். இங்கேயும் மூச்சு முட்டினால் மலைமேல் குற்றமில்லை, வீட்டுக்குப் போகலாம். குணமானதால் தண்டனை, சீக்கு வந்தால் விடுதலை. அதற்குப் பிறகு மூச்சு முட்ட வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

சாமி கேட்காததால் நானே நடித்துப் பார்த்தேன். வாத்தியார் இல்லாத குற்றத்துக்கு அடித்தார். அந்தக் குற்றத்தை இப்போது உண்மையாகவே செய்தேன். தோளைத் தூக்கித் தூக்கி இழுத்தேன். அத்தை என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள்.

“ஏட்டி, நெஞ்சு சும்மாதான் இருக்கு. வாய்தான் இழுக்குது” என்றாள். சிரித்தாள் என்றுதான் அன்று நினைத்தேன், நான் போகத் துடிப்பது அவளுக்கு வலித்திருக்கும் என்று தோன்றவில்லை.

ஒரு மதியம், வீட்டில் யாரும் இல்லாதபோது, நெல்லுப்பெட்டி மேல் ஏறிப் பரணிலிருந்து கம்பளியை இழுத்தேன். அப்போது மூச்சு பற்றிய நினைப்பே எனக்கு இல்லை. அப்பாவின் வாசனை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். புடவைச் சுற்றைப் பிரித்ததும் குப்பென்று வந்தது: காய்ந்த தேயிலை, விறகுப் புகை, வேர்வை. அந்த வெயிலில் தலையோடு போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். உள்ளே அதே இருட்டு. என் முழங்கையிலேயே என் எழுத்தை எழுதிப் பார்த்தேன், ஒன்றும் விழவில்லை. கம்பளியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நன்றாக அழுதேன்.

அழுகை நின்ற பிறகும் மூச்சு வரவில்லை. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தியது.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? கண் இருட்டிக்கொண்டு வந்தது, கைவிரல் மரத்தது. ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தை வந்து பார்த்தபோது என் உதடு நீலமாக இருந்ததாம். என்னைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். மாமாவின் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள், அதனால், “ஏனுங்க, ஏனுங்க” என்று தோப்பு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். நான் அவள் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்:

“அத்தே... மலையில்ல அத்தே... இங்கயும் வருது.”

மாமா சைக்கிளில் போய் நர்ஸம்மாவைக் கூட்டிவருவதற்குள் தென்னை மர நிழலில் எனக்கு மூச்சு வந்துவிட்டது. மாமா தலையைச் சொறிந்தார். மலை நிரபராதி ஆகிவிட்டது. அப்படித்தான் நான் நினைத்தேன்.

மறுநாள் காலை அத்தை கம்பளியை வாசலில் கொடியில் போட்டு, ஒரு தென்னம்பாளையால் ஓங்கி அடித்தாள். வெயிலில் பழுப்பாகப் பஞ்சு கிளம்பியது. அத்தை தும்மினாள். இருமினாள். பிறகு பாளையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். கல்யாணத்துக்கு முன் அவளும் எங்கள் ஃபாக்டரியில் தேயிலையிலிருந்து குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தவள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பஞ்சு அவளுக்குப் புதிதல்ல.

பூந்திக்கொட்டையைப் போட்டு ஒரு அண்டா தண்ணீர் கொதிக்க வைத்தாள். என்ன செய்யப்போகிறாள் என்று புரிந்ததும் நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன், கடித்தேன், தரையில் புரண்டேன். அத்தை கம்பளியை உள்ளே அமுக்கினாள். மூன்று தண்ணீர் மாற்றினாள். மூன்றும் தேத்தண்ணி நிறத்தில் தோப்புக்குள் ஓடின. காய்ந்தபோது கம்பளி பாதியாகச் சுருங்கி, வெறும் கம்பளி வாசனை அடித்தது. அதைப் போர்த்திக்கொண்டு எத்தனை நேரம் படுத்தாலும் மூச்சு முட்டவில்லை. அப்பாவும் அதில் இல்லை. அத்தையை நான் பல வருஷம் மன்னிக்கவில்லை.

அன்று மாலை மாமாவை உட்காரவைத்துக் கடிதம் எழுதச் சொன்னாள். என்னைக் கன்றுக்குட்டியைக் கட்டிவிட்டு வரச் சொல்லி அனுப்பினாள். திரும்பி வரும்போது, “அத மறுபடியும் ஒருக்கா எழுதுங்க. அண்ணனுக்கு மனசுல ஏறணும்” என்று அவள் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. என்னிடம், “அடுத்த மாசம் ஊட்டுக்குப் போலாம்ட்டி” என்றாள். நான் அவளைக் கட்டிக்கொள்ளக்கூட இல்லை, குதிக்கப் போய்விட்டேன். அத்தை வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த வீட்டில் ஒரு குழந்தை நடமாடியிருக்கும். இது எனக்கு உறைக்க என் வயிற்றில் ஒரு பிள்ளை வரவேண்டியிருந்தது.

மார்கழியில் மலைக்குத் திரும்பினேன். வந்த அன்றே சங்கு ஊதியதும் குழாயடிக்கு ஓடினேன். அப்பா சாக்கைத் தலையில் கவிழ்த்தபடி ஏறி வந்தார். புருவமெல்லாம் பஞ்சு. நான் கையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தேன். அவர் இரண்டடி பின்னால் போனார்.

“கிட்ட வராத தாயி. போ, அம்மாகிட்ட போ.”

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் சட்டையைக் கழற்றிச் சாக்கோடு சுருட்டி விறகுக் கொட்டகையில் வைத்தார். அந்தக் குளிரில் குழாய்த் தண்ணீரைத் தலையில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டார். உடம்பு வெடவெடக்க உள்ளே வந்து, வேறு சட்டை மாட்டி, கையை நீட்டினார். கை சுத்தமாக இருந்தது. எழுத அதில் ஒன்றும் இல்லை. நான் போகவில்லை. அத்தையின் கடிதத்தில் இருந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை. என்னை அனுப்பிவிட்டு இருந்து பழகிவிட்டார், இப்போது நான் வேண்டாதவள் என்று எனக்குப் பட்டது. கம்பளியைச் சுருக்கிக் கெடுத்ததற்குக் கோபமாகவும் இருக்கலாம் என்று தோன்றியது. மறுநாளும் அதேதான். மூன்றாம் நாளிலிருந்து நான் குழாயடிக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு மூச்சு முட்டவே இல்லை. கம்பவுண்டர் குளிர் பழகிவிட்டது என்றார். பெரியம்மா கயிற்றைச் சொன்னாள். வாத்தியார் தன் பிரம்பைப் பற்றி அடக்கமாக எதுவும் சொல்லவில்லை. பூனையைத் திருப்பிக் கொண்டுவர மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா சலிப்பறையிலேயே இருந்தார். அந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல முடியாது. வேலை இல்லாவிட்டால் லயத்தில் வீடும் இல்லை. சங்கு ஊதிய பிறகு அவர் ஏறி வர முன்பைவிட நேரமானது. குளிப்பதற்கு முன் குழாய்க் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, வெகுநேரம் நிற்பார். தோள் ஏறி ஏறி இறங்கும். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். வீட்டுக்குள் வரப் பிடிக்காமல் நிற்கிறார் என்று நினைப்பேன். என் மூச்சுக்குப் பத்து வீட்டில் பத்துக் காரணம் சொன்னார்கள். அவர் மூச்சைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சலிப்பறை ஆள் இருமுவது யாருக்கும் சீக்காகத் தெரியவில்லை.

அவர் அங்கே ஒவ்வொரு மூச்சாக இழுத்து எடுத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே, சுருங்கிப்போன அந்தக் கம்பளிக்குள், நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு, வரட்டும், இன்றைக்கும் பேசக்கூடாது என்று உட்கார்ந்திருந்தேன்.